பழைய ஸ்கோப் படம்: டைட்டிலில் ஒல்லி, கதை தொடங்கினால் பாதி முகம். டிவி செட்டிங்கா, பிரிண்ட்டா?

மாயவரம்_ரசிகன் (கேள்வி)

43 இன்ச் 4கே டிவி. படம் வருவது மூன்று வழியில்: ஹெச்டிஎம்ஐயில் டிடிஎச் பாக்ஸ், டிவியிலேயே உள்ள யூடியூப், பென் டிரைவில் பழைய டிவிடியிலிருந்து எடுத்த ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோளாறு.

டிடிஎச்: பழைய கலர் படங்களில், டிவியை 16:9-ல் வைத்தால் எல்லாரும் குண்டு. 4:3-க்கு மாற்றினால் ஆட்கள் சரியாகிறார்கள், ஆனால் டைட்டில் ஓடும்வரை மூங்கில் கழி மாதிரி ஒல்லியாக நீண்டு தெரிகிறார்கள். கடைசிப் பெயர் போனதும் தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் ஆளுக்கொரு மூக்குதான் தெரிகிறது, நடுவில் வெறும் சுவர். சேனல் அடியில் ஓடும் செய்தி வரியும் பாதி வெட்டு.

பென் டிரைவ்: நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை அளவுக்குப் படம்.

யூடியூப்: திரை முழுக்க வருகிறது, ஆனால் நெற்றிக்கு மேல் காணோம்.

இதில் எது டிவியால், எது படத்திலேயே உள்ளது? எதைச் சரிசெய்ய முடியும்?

---

விசிறி_99

ஸூம் பட்டனை அழுத்துங்க சார், கறுப்பு எல்லாம் போயிடும். காசு கொடுத்து வாங்கின 43 இன்ச்சையும் பார்க்கணும்ல.

---

பழைய_ரீல்

அவசரப்பட்டு ஸூம் பண்ணாதீர்கள். மூன்றும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கேட்காது.

முதலில் டைட்டில் விஷயம். அது உங்கள் டிவியின் தவறே இல்லை. சினிமாஸ்கோப்பில் எடுக்கும்போது கேமரா லென்ஸ் காட்சியின் அகலத்தைப் பாதியாக நெருக்கி ஃபிலிமில் பதிக்கும். தியேட்டர் புரொஜெக்டரில் உள்ள லென்ஸ் அதை மறுபடி விரித்து, உயரத்தைப்போல் 2.35 அல்லது 2.39 மடங்கு அகலமாகக் காட்டும். பழைய டிவி 4:3, அதாவது 1.33 மடங்குதான். விரித்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி அதில் நிரப்பினால் 44 சதவீதம் போய்விடும். கதைக் காட்சியில் போனால் யாரும் கேட்கவில்லை. டைட்டிலில் போனால் இசையமைப்பாளர் பெயரில் முன்பாதியும் பின்பாதியும் காணாமல் போகும். அதனால் டைட்டில் ஓடும்வரை படத்தை விரிக்காமல் நெருக்கியபடியே வீடியோவில் ஏற்றிவிட்டார்கள். கடைசி கார்டு போனதும் விரித்து, 4:3 ஜன்னலை இடமும் வலமும் நகர்த்தி நகர்த்திப் பதிந்தார்கள். இதுதான் பேன் அண்டு ஸ்கேன். இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் நின்றால் ஜன்னலை யார் பக்கம் வைப்பது? நடுவிலேயே விட்டுவிட்டால் நீங்கள் பார்த்த மூக்கு, சுவர், மூக்கு.

சேனலிடம் இருப்பது அந்தக் காலத்து டேப் என்றால் உங்கள் ரிமோட்டால் ஒன்றும் ஆகாது. 16:9-ல் வைத்தபோது டைட்டில் கொஞ்சம் தேவலை என்று தோன்றியிருக்குமே? டிவி பக்கவாட்டில் 1.33 மடங்கு இழுப்பதால் நெருக்கம் குறைகிறது, அவ்வளவுதான். அதே இழுப்புதான் கதையில் வருகிறவர்களைக் குண்டாக்குகிறது. 4:3-லேயே வையுங்கள். டைட்டில் மூன்று நிமிஷம், படம் இரண்டரை மணி நேரம்.

---

கேபிள்_தம்பி

டிடிஎச் பக்கம் செய்ய வேண்டியது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் பாக்ஸும் டிவியும் இரண்டுமே படத்தை இழுக்கக்கூடியவை. இரண்டிலும் கைவைத்தால் எது இழுத்தது என்றே தெரியாது.

1. பாக்ஸ் மெனுவில் டிவி வகையை 16:9 என்று வையுங்கள். ‘4:3 லெட்டர்பாக்ஸ்’, ‘4:3 பேன் ஸ்கேன்’ இரண்டும் பழைய டியூப் டிவிக்கானவை. பாக்ஸ் 4:3 பேன் ஸ்கேனில் இருந்தால், அகலமாக வரும் நல்ல ஒளிபரப்பையும் அதுவே இரண்டு ஓரமும் நறுக்கித் தள்ளும்.

2. ரெசல்யூஷன் 1080ஐ. பாக்ஸில் உள்ள ஸூம், ஸ்ட்ரெச் எல்லாவற்றையும் நார்மலுக்குக் கொண்டு வாருங்கள்.

3. இப்போது டிவி. 16:9 அல்லது ஒரிஜினலில் வைத்து, ஓவர்ஸ்கேனை அணையுங்கள். எல்ஜியில் இதன் பெயர் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, அதை ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, அதுவும் ஆன். சோனியில் ‘டிஸ்ப்ளே ஏரியா’ என்பதற்குள் போய் ‘ஃபுல் பிக்சல்’. உங்கள் செய்தி வரி வெட்டுப்படுவது இதனால்தான். டியூப் டிவி காலத்தில் ஓரம் நெளிவதை மறைக்க எல்லாப் பக்கமும் சில சதவீதத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவார்கள். அந்தப் பழக்கம் எல்இடிக்கும் தொற்றிக்கொண்டது.

4. இவ்வளவுக்குப் பிறகும் ஆட்கள் குண்டாகவே தெரிந்தால், சேனல் 4:3 படத்தை அனுப்புகிறது, நடுவில் ஏதோ ஒன்று அதை இழுக்கிறது. அந்தச் சேனலுக்கு மட்டும் டிவியில் 4:3.

ஒரு வேளை பாக்ஸ் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி வயரில் மாட்டியிருந்தால் முதலில் அதைப் பிடுங்கிவிட்டு ஹெச்டிஎம்ஐ. ஏவி வயரில் படத்தின் வடிவம் பற்றிய தகவல் பல நேரம் டிவிக்குப் போய்ச் சேராது, டிவி தன் இஷ்டத்துக்கு விரிக்கும்.

---

பழைய_ரீல்

குண்டா இல்லையா என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்ய வேண்டாம், ஸ்கேல் எடுங்கள். நிலா, வண்டிச்சக்கரம், சுவர்க் கடிகாரம் என்று நேராக முன்னால் தெரியும் வட்டம் ஏதாவது வரும்போது படத்தை நிறுத்தி அகலத்தையும் உயரத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். 1 வந்தால் சரி. 1.33 வந்தால் 4:3 படத்தை இழுத்திருக்கிறது.

அதே ஸ்கேலால் படத்தையும் அளக்கலாம். கறுப்பை விட்டுவிட்டுப் படம் இருக்கும் இடத்தை மட்டும். 43 இன்ச் திரை சுமார் 95 செமீ அகலம், 53.5 செமீ உயரம். அகலம் முழுக்க நிரம்பி உயரம் 40 செமீ என்றால் அது ஸ்கோப், மேலும் கீழும் 7 செமீ பட்டை இருந்தே தீரும். உயரம் 51.5 என்றால் 1.85, அதாவது ஸ்கோப் அளவுக்கு அகலமில்லாத வைட்ஸ்கிரீன். உயரம் முழுக்க இருந்து அகலம் 71 செமீ மட்டும் என்றால் 4:3.

விசிறி சொன்ன ஸூமுக்கு வருகிறேன். 2.39 படத்தைப் பட்டை இல்லாமல் 16:9-ல் நிரப்பினால் அகலத்தில் கால்வாசிக்கு மேல் போகும். நாலு பேர் வரிசையாக நிற்கும் காட்சியில் ஓரத்தில் நிற்பவர் போய்விடுவார். அந்தப் பட்டை படத்தின் மேல் ஒட்டிய கறுப்புத் துணி இல்லை, படமே இல்லாத இடம்.

---

விசிறி_99

அப்போ ஸ்கோப் படத்துக்கு ஏத்த அகலமான டிவியே விக்கக் கூடாதா? யாரும் செய்யலையா?

---

பழைய_ரீல்

செய்தார்கள். பிலிப்ஸ் 2009-ல் 56 இன்ச்சில் 21:9 டிவி ஒன்றை விட்டது. ஸ்கோப் படம் அதில் ஜம்மென்று நிரம்பும். செய்தி, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் கறுப்பு. வீட்டு டிவியில் அந்த வடிவம் நிலைக்கவில்லை.

---

மாயவரம்_ரசிகன்

கேபிள்_தம்பி சொன்னபடி செய்தாயிற்று. பாக்ஸ் 4:3 பேன் ஸ்கேனில்தான் இருந்திருக்கிறது. செய்தி வரி இப்போது முழுதாகத் தெரிகிறது. புதுப் படங்கள் மேலும் கீழும் பட்டையோடு வருகின்றன, அளந்தால் 40 செமீ. பென் டிரைவும் யூடியூப்பும்தான் பாக்கி.

---

எம்கேவி_ராசா

பென் டிரைவ் ஃபைலில்தான் ஸூம் நியாயம். பழைய தமிழ் டிவிடிகள் பலவற்றில் ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் பட்டையோடு சேர்த்தே பதிந்துவிட்டார்கள். மேல், கீழ் பட்டை ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. இடம், வலம் பட்டையை உங்கள் டிவி போடுகிறது. சேர்ந்தால் நாலு பக்கமும் கறுப்பு.

டிவியில் ஸூமை 1.33 மடங்குக்கு வையுங்கள். சோனியில் வைட் மோடில் ‘ஸூம்’, எல்ஜியில் ‘ஆல் டைரக்‌ஷன் ஸூம்’, சாம்சங்கில் ‘கஸ்டம்’. இடம், வலம் ஓரம் திரையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதுவரை வெட்டுப்படுவது கறுப்பு மட்டும்தான். அதற்கு மேல் ஒரு படி போனாலும் படம் போகும்.

டிவியின் பிளேயரில் இந்த வசதி மங்கலாக, தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தால் லேப்டாப்பை மாட்டி விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓட்டுங்கள். ‘சி’ எழுத்தைத் தட்டத் தட்ட வெட்டும் அளவு மாறும், 2.35:1-ல் நிறுத்துங்கள். ‘ஏ’ எழுத்து வேறு வேலை: அது வெட்டாது, வடிவத்தை இழுக்கும். டைட்டில் ஒல்லியாக வரும் ஃபைல் கையில் இருந்தால் டைட்டில் முடியும்வரை ‘ஏ’ தட்டி 2.35:1-ல் பார்த்துவிட்டுப் பிறகு டிஃபால்ட்டுக்கு வரலாம்.

தெளிவு மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 480 வரி டிவிடியில் இப்படிப் பதிந்தால் படத்துக்குக் கிடைப்பது 272 வரிதான். அகலத்திரைக்கென்று நெருக்கிப் பதிந்த டிவிடியாக இருந்தால் 363 வரி கிடைக்கும். ஒரே படத்துக்கு இரண்டு பதிப்பு கிடைத்தால் பின்னதை எடுங்கள்.

---

ஈப்போ_சித்ரா

அண்ணா, ஸூம் பண்ணினால் சப்டைட்டிலில் இரண்டாவது வரி மறைந்துவிடுகிறதே? வீட்டில் பிள்ளைகளுக்கு அது வேண்டும்.

---

எம்கேவி_ராசா

கணக்கு இதுதான் அக்கா. கீழ்ப் பட்டை 104 வரி. 1.33 ஸூமில் அடியிலிருந்து 60 வரி வெளியே போகும், 44 மிஞ்சும். ஒற்றை வரி சப்டைட்டில் சில டிஸ்க்கில் தப்பிக்கும், இரட்டை வரி தப்பிக்காது. டிவியில் ஸூமோடு படத்தை மேலே தள்ளும் வசதி இருந்தால், மேல் பட்டையை இழந்து கீழ்ப் பட்டையைக் காப்பாற்றலாம். சப்டைட்டில் தனி டிராக்காக இருந்தால் விஎல்சியில் ‘சி’ முறையே போதும். சப்டைட்டில் நிலையை விருப்பங்களில் உயர்த்திக்கொள்ளலாம். படத்திலேயே எரித்த சப்டைட்டில் என்றால் ஸூமை விட்டுவிட்டுத் தபால்தலையாகவே பாருங்கள், வேறு வழியில்லை.

---

பழைய_ரீல்

யூடியூப். இங்கே வெட்டியது ஏற்றியவர். டிவி ஆப்பில் எந்த செட்டிங்கும் அதைத் திருப்பித் தராது. இரண்டு விதமாக நடக்கிறது.

ஒன்று, முதலிலேயே 4:3-ல் எடுத்த பழைய படம். ‘பராசக்தி’ (1952) காலத்துப் படங்களின் இயல்பான வடிவமே 1.37, கிட்டத்தட்ட 4:3. அதை 16:9-ல் நிரப்ப உயரத்தில் கால்வாசியை அறுத்துவிடுவார்கள். நெற்றிக்கு மேல் காணோம் என்றீர்களே, அது இதுதான். பரதநாட்டியக் காட்சி இருந்தால் அதைப் பாருங்கள்; சலங்கை தெரியாவிட்டால் வெட்டிய பிரதி. ஒரு அடையாளம் சொல்கிறேன்: தமிழில் முதல் சினிமாஸ்கோப் ‘ராஜராஜ சோழன்’ (1973). அதற்கு முந்தைய தமிழ்ப் படம் எதுவாவது 2.35 அகலத்தில் வந்தால் மேலும் கீழும் கத்தி பட்டிருக்கிறது.

இரண்டாவது, இதைவிட மோசம். ஸ்கோப் படத்தைப் பேன் அண்டு ஸ்கேனில் 4:3 ஆக்கிய டேப்பை எடுத்து, அதையே மறுபடி மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்குவது. இரண்டு வெட்டும் சேர்ந்தால் கேமரா பிடித்ததில் 42 சதவீதம்தான் மிஞ்சும். மேலே ‘ஹெச்டி’ என்று எழுதியிருக்கும்.

வேறு பிரதி தேடும்போது படம் முழுக்கப் பார்க்க வேண்டாம். டைட்டிலுக்குப் பின் இரண்டு பேர் பேசும் காட்சி ஒன்று, கூட்டமாக ஆடும் பாட்டு ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிட்டால் போதும். பட்டையோடு இருப்பதுதான் பெரும்பாலும் முழுப்படம். ஆனால் 4:3 பிரதி என்றாலே வெட்டியது என்று தூக்கி எறியவும் வேண்டாம். 1.85-க்கென்று எடுத்த சில படங்களில் ஃபிலிமில் மேலும் கீழும் கூடுதல் காட்சி இருக்கும், 4:3-ல் அது திறந்து தெரியும். மேலே மைக் எட்டிப் பார்த்தால் அதுதான் சாட்சி.

---

மாயவரம்_ரசிகன்

பென் டிரைவ் ஸூம் கச்சிதமாக உட்கார்ந்தது. யூடியூப்பில் வேறு பிரதி ஒன்று கிடைத்தது, இரண்டு பக்கமும் பட்டை, சலங்கை தெரிகிறது.

புதிதாக ஒரு தொல்லை. மாடியில் உள்ள சின்ன டிவியில் ஏவி வயரில் எஸ்டி பாக்ஸ் (ஹெச்டி இல்லாத பழைய வகை). அங்கேயும் ஓவர்ஸ்கேனை அணைத்தேன். இப்போது சில சேனலில் மேல் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் துடிக்கின்றன. பேனல் போகப்போகிறதா?

---

கேபிள்_தம்பி

பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. எஸ்டி சிக்னலின் உச்சி வரிகளில் படத்துக்குப் பதில் டெலிடெக்ஸ்ட் (டிவியில் எழுத்தாக வரும் செய்திப் பக்கங்கள்), பட வடிவம் போன்ற தகவல் போகும். வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அந்தத் தகவல்தான். இத்தனை நாளும் ஓவர்ஸ்கேன் அதை மறைத்து வைத்திருந்தது. பெரும்பாலான டிவி இந்த செட்டிங்கை ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனியாக நினைவில் வைக்கும். மாடி டிவியில் ஏவி இன்புட்டுக்கு மட்டும் ஓவர்ஸ்கேனை மறுபடி போட்டுவிடுங்கள்.