ஏஜென்சிக்கு மாதாமாதம் காசு போகிறது, வியாபாரம் அதனால்தானா? (அவசரம்)

புதுவண்ணை_பையன்
வணக்கம். கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருக்கிறோம். மாதம் 20,000. போன மாத ரிப்போர்ட்டில் ரீச் 2.3 லட்சம், பக்கத்துக்குப் பக்கம் பச்சை அம்புக்குறி. அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இதனால கல்லாவுல எவ்ளோ விழுந்துச்சு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமைக்குள் 6 மாதத்துக்கு ரின்யூ பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கல்மண்டபம்_காரன்
என்ன கடை தம்பி? மளிகையா, மண்டபமா? அதைச் சொல்லாமல் பண்ணலாமா என்றால் எப்படி?

விம்கோ_வாசி
20,000 என்பது அவர்கள் ஃபீஸ் மட்டுமா, மெட்டாவுக்கு (ஃபேஸ்புக், இன்ஸ்டா நடத்தும் கம்பெனி) கட்டும் விளம்பரக் காசும் சேர்த்தா? ஜி.எஸ்.டி. தனியா?

கல்மண்டபம்_காரன்
எந்தக் கடையாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். கூகுள் மேப்பில் கடையை ஒழுங்காக வையுங்கள். எத்தனை பேர் போன் அடித்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று அதுவே காட்டும், காசும் கிடையாது. ரீல்ஸ் எல்லாம் வேடிக்கை பார்க்கத்தான்.

கணக்குப்பிள்ளை
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறீர்கள். பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லை. ரீச் என்பது கண்ணில் பட்டவர்களின் எண்ணிக்கை, வாங்கியவர்களின் எண்ணிக்கை இல்லை. வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கு இரண்டு ஆண்டுகளாகக் கூடுதலாகக் காட்டப்பட்டது என்று ஃபேஸ்புக்கே 2016-இல் ஒப்புக்கொண்டது. ஈபே என்ற ஆன்லைன் சந்தை, தன் பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த தேடல் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தபோது, வரவேண்டியவர்கள் பெரும்பாலும் விளம்பரம் இல்லாமலே வந்தார்கள். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

தேரடி_அக்கா
கணக்குப்பிள்ளை சார், ஈபே கதை நல்ல கதைதான். ஆனால் ஈபேயை உலகத்துக்கே தெரியும், இந்தத் தம்பி கடையை யாருக்குத் தெரியும்? தெரியாத கடைக்கு விளம்பரம் வேறு மாதிரி வேலை செய்யும். தம்பி, என்ன கடை என்று முதலில் சொல்லுப்பா.

புதுவண்ணை_பையன்
மன்னிக்கவும், பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். ஆரி ஒர்க் பிளவுஸ். கல்யாண ஆர்டர்தான் முக்கியம். 20,000 ஃபீஸ் மட்டும், விளம்பரத்துக்கு 8,000 தனி, இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. ஆடி கடைசியில் சேர்ந்தோம். ஆவணியில் ஆர்டர் ஏறியது, எங்களால்தான் என்கிறார்கள்.

தேரடி_அக்கா
அடப் பாவமே. ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? ஆவணி பிறந்தால் முகூர்த்தம் வரும், ஏஜென்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆர்டர் ஏறும். போன வருஷ ஆவணியோடு இந்த ஆவணியை வைத்துப் பார். அதோடு அந்த மாதம் எத்தனை முகூர்த்த நாள் என்று காலண்டரையும் பார், வருஷத்துக்கு வருஷம் மாறும்.

விம்கோ_வாசி
கணக்கு போடுவோம். 28,000, அதன் மேல் 18% ஜி.எஸ்.டி., ஆக 33,040. ஒரு பிளவுஸ் 4,500 என்று வைத்துக்கொள்வோம். துணி, மணி, ஜரிகை, ஆரி போடுகிறவர் கூலி, தையல் கூலி போனால் கையில் 1,500 நிற்குமா? நின்றால், இவர்களால் மட்டுமே வந்த பிளவுஸ் மாதம் 22-க்கு மேல் இருந்தால்தான் போட்ட காசு திரும்பும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர், காம்போசிஷன் (சிறு கடைகளுக்கான எளிய வரித் திட்டம்) இல்லை என்றால் இந்த வரியை இன்புட்டில் எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம், அப்போது 19 போதும். அப்பாவிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். விற்பனையை வைத்துப் பேசினால் எந்த ஏஜென்சியும் ஜெயித்துவிடும், லாபத்தை வைத்துப் பேசுங்கள்.

பாலத்துக்கு_அந்தப்பக்கம்
நான் முன்பு ஏஜென்சியில் இருந்தவன். இரண்டு விஷயம். ரிப்போர்ட்டை அவர்கள் அனுப்பும் பி.டி.எஃப்-இல் பார்க்காதீர்கள், மெட்டாவின் விளம்பரக் கணக்குப் பக்கமான ஆட்ஸ் மேனேஜரை நீங்களே திறந்து, எந்த ஊரில் எத்தனை பேருக்குப் போனது என்று பிரித்துப் பாருங்கள். 2.3 லட்சத்தில் பாதி மதுரை, திருச்சி என்றால் அளவு கொடுக்க யார் புது வண்ணாரப்பேட்டை வரை வருவார்கள்? அப்புறம், விளம்பர அக்கவுண்ட் யார் பெயரில் இருக்கிறது? அவர்கள் பெயரில் என்றால் ரின்யூ பேச்சே பிறகுதான்.

புதுவண்ணை_பையன்
வெளியூருக்கு கூரியர் உண்டு. அளவு பிளவுஸ் அனுப்பிவிடுவார்கள், தைத்து அனுப்புவோம்.

பாலத்துக்கு_அந்தப்பக்கம்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ப்ரோ! அப்படியானால் அளப்பது இன்னும் சுலபம். கூரியர் ஆர்டர் கடை வாசலைப் பார்த்து வந்ததில்லை, ஆன்லைனில் பார்த்தோ யாராவது சொல்லியோதான் வந்திருக்கும். விளம்பரத்துக்கென்று தனி வாட்ஸாப் நம்பர் போடுங்கள். "விலை எவ்ளோ" என்று வந்தது எத்தனை, அட்வான்ஸ் போட்டது எத்தனை என்று பாருங்கள். முதல் எண்ணை வைத்து ஏஜென்சி பெருமைப்படும். கல்லாவுக்கு இரண்டாவதுதான்.

தேரடி_அக்கா
கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு என் வழி இது. ஆர்டர் புக்கில் ஓரமாக ஒரு கட்டம். இ என்றால் இன்ஸ்டா, ப என்றால் பழைய கஸ்டமர், சொ என்றால் யாரோ சொல்லி வந்தவர், வா என்றால் வழியில் போர்டு பார்த்து வந்தவர். அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதிவிட வேண்டும், டெலிவரி அன்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. "இன்ஸ்டாவில் பார்த்தேன்" என்றால் உடனே இ போட்டுவிடாதே. எல்லாப் பெண்களும் போனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் கொண்டுவருவார்கள். பாதி நேரம் மயில் டிசைன் வேறு யாரோ கடையுடையது, பெயர்கூட மூலையில் தெரியும். அவள் உன் போஸ்ட்டைக் காட்டினால் மட்டும் இ.

கல்மண்டபம்_காரன்
இவ்வளவு எதற்கு? நம்ம எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளில் இத்தனை வருஷம் யார் ரீல்ஸ் போட்டார்கள்? பண்டிகை வந்தால் கால் வைக்க இடமில்லை.

விம்கோ_வாசி
அது அந்தக் காலம். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பெண்கள் நேராகத் தேனாம்பேட்டையில் இறங்கி தி.நகர் போகிறார்கள்.

கல்மண்டபம்_காரன்
அதே மெட்ரோவில்தான் திருவொற்றியூர் ஜனம் எம்.சி. ரோட்டுக்கும் வருகிறது. தியாகராயா கல்லூரியில் இறங்கினால் நடை தூரம்.

விம்கோ_வாசி
பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் நடை தூரம் என்று.

கணக்குப்பிள்ளை
மெட்ரோ சண்டைக்குத் தனி இழை தொடங்கவும். தம்பி, ஒரு மாதம் விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள். அவ்வளவுதான்.

பாலத்துக்கு_அந்தப்பக்கம்
கல்யாண பிளவுஸை மாதக்கணக்கில் முன்னாலேயே பார்த்து வைப்பார்கள். இந்த மாதம் நிறுத்தினால் தெரிவது அடுத்த மாதம்தான், அதற்குள் முகூர்த்தமும் மாறிவிடும். அதைவிட, மேப்பில் பின் வைத்து பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் மட்டும் விளம்பரத்தை ஓடவிட்டு, ராயபுரம், தண்டையார்பேட்டையை விட்டுவிடுங்கள். ஆர்டர் புக்கில் முகவரி இருக்கிறதே, எந்தப் பக்கம் முன்பைவிட ஏறியது என்று தெரியும். கொஞ்சம் அங்கே இங்கே கசியும், ஆனாலும் அந்தப் பச்சை அம்புக்குறிக்கு இது எவ்வளவோ மேல்.

கணக்குப்பிள்ளை
நான் சொன்னதையே சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

தேரடி_அக்கா
சரி சார், நீங்களே சொன்னதாக வைத்துக்கொள்வோம்.

புதுவண்ணை_பையன்
எல்லோருக்கும் நன்றி. அக்கவுண்ட் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது, அட்மின் உரிமை கேட்டால் "பாலிசியில் இல்லை" என்கிறார்கள். 6 மாதம் முடியாது, மாதாமாதம் என்றால் சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறார்களாம். அக்கா சொன்ன கட்டம் போட்டாயிற்று, இதுவரை ப-தான் அதிகம். கடையில் ஆள் இருக்கிறார்கள், அப்புறம் வருகிறேன்.

விம்கோ_வாசி
ஒரு பிளவுஸில் கையில் எவ்வளவு நிற்கிறது என்று கடைசிவரை சொல்லவில்லையே?

பாலத்துக்கு_அந்தப்பக்கம்
ப்ரோ, அட்மின் தராவிட்டால் புது அக்கவுண்டை உங்கள் பெயரில் தொடங்கி அவர்களை உள்ளே சேருங்கள். பார்த்தீர்களா?