திறக்காத ஜூனோ-106 என்று ஒன்று உண்டா?

செந்தூல்_கீபோர்டு: பினாங்கிலிருந்து ஒருவர் நேற்று போட்ட விளம்பரம் இது: "ரோலண்ட் ஜூனோ-106, நூறு சதவீதம் ஒரிஜினல், ஒரு தடவைகூடத் திறந்ததில்லை, 9,500 ரிங்கிட்." படித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. 1984-இல் வந்த சிந்தசைசர் கீபோர்டு. உள்ளே இருக்கிற ஆறு 80017ஏ சிப்புகளின் மேல் பூசிய எபாக்சி பிசின் நாளாக நாளாகக் கெட்டு, ஒவ்வொரு வாய்ஸாக, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு ஸ்வரங்களில் ஒவ்வொன்றாக, கரகரத்துச் சாகும். இதைத் தொட்டவர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரத் திருகு தேய்ந்து பளபளக்கிறது. திறக்காத கருவியில் திருகு எப்படித் தேயும்?

பட்டர்வொர்த்_ராகம்: விளம்பரம் என்னுடையது. என்னிடமே கேட்டிருக்கலாம். மாமா கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துவிட்டு, பழைய வேட்டி போர்த்தி வைத்திருந்த கருவி. திருகு வேனில் உரசியிருக்கும்.

செந்தூல்_கீபோர்டு: உரசினால் விளிம்புதான் கீறும். இங்கே நடுவில் இருக்கிற பிளஸ் குழியே வட்டமாகிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் மட்டும்தான் அப்படி ஆகும்.

கிள்ளான்_தம்பி: அண்ணே, செத்த சிப்பைக் கழற்றி, அசிட்டோனில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, எபாக்சியை உரித்துத் திரும்ப சோல்டர் செய்தால் அது ஒரிஜினலா இல்லையா? முதலில் அதைப் பேசுவோம்.

செந்தூல்_கீபோர்டு: அது வேறு பேச்சு, தம்பி. நான் கேட்டது திருகு.

பட்டர்வொர்த்_ராகம்: கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் டெஸ்ட் மோடு வரும், எந்த வாய்ஸ் ஒலிக்கிறது என்று எண் காட்டும். ஆறும் சுத்தம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வரும்போது வீட்டுக்கு வந்து கேளுங்கள். அப்புறம், போன வருடம் நீங்கள் எனக்கு விற்ற யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டை நான் மறக்கவில்லை. உள்ளே சோல்டர் செய்த பேட்டரி செத்து, சேமித்த ஒலி ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு வார்த்தை சொன்னீர்களா?

செந்தூல்_கீபோர்டு: நீங்கள் கேட்கவில்லை. "பேட்டரி புதிது" என்று நான் எழுதவும் இல்லை. நீங்கள்தான் "திறந்ததில்லை" என்று எழுதினீர்கள். ஆறு வாய்ஸும் சுத்தம் என்றால் எனக்குச் சந்தேகம் கூடுகிறது, குறையவில்லை. ஜாலான் பாசாரில் பாகம் தேடி அலைந்து, என் கையால் எட்டு ஜூனோ திறந்து சரிபண்ணியிருக்கிறேன். ஆறும் உயிரோடு இருந்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

பட்டர்வொர்த்_ராகம்: உங்களிடம் வருவது எல்லாமே கெட்டுப்போனவை. நல்லது எதற்கு உங்களிடம் வரும்?

கிள்ளான்_தம்பி: இது ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் கருவியா? நம் 240-இல் நேராகச் செருகினால் புகைந்துவிடும்.

பட்டர்வொர்த்_ராகம்: 240 தான், பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது.

செந்தூல்_கீபோர்டு: பின்பக்கப் படமே போடவில்லையே. வோல்ட் கிடக்கட்டும், திருகுக்கு வாருங்கள்.

பட்டர்வொர்த்_ராகம்: விலை 9,500. உங்களுக்கு மட்டும் விற்பதாக இல்லை.

செந்தூல்_கீபோர்டு: விற்க வேண்டாம். அந்தத் திருகை வெயிலில் வைத்து, கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.