டிசம்பரில் வேன் பிடிப்பதா, தேவனாம்பட்டினத்தில் திரை கட்டுவதா?

கெடிலக்கரையான்:
நம் கடலூர்த் திரைப்படக் குழுவில் சேர்ந்திருக்கும் பணத்தில் வழக்கம்போல டிசம்பரில் சென்னைத் திரைப்பட விழாவுக்கு வேன் பிடிக்கலாம் என்கிறார்கள். அதற்குப் பதில் ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கித் தேவனாம்பட்டினம் கடற்கரையில் படம் போடலாம் என்பது என் கட்சி. டெலிகேட் பாஸை மாட்டிக்கொண்டு பகலெல்லாம் படம் பார்க்க யாரால் முடியும்? லீவு போட முடிந்தவர்களால்தான்.

புதுவைக்காரன்:
அந்த விழாக்கள் இல்லாவிட்டால் ஈரானில் இப்படிப் படம் எடுக்கிறார்கள் என்றே உங்களுக்குத் தெரிந்திருக்காது அண்ணே. 1952இல் பம்பாயில் நடந்த முதல் சர்வதேச விழாதான் இங்கே பலருக்கும் இத்தாலியப் படங்களைக் காட்டியது. சரி, புரொஜெக்டர் வாங்கிவிட்டீர்கள், படம் எங்கிருந்து வரும்? டெலிகிராமிலிருந்தா? விழாவுக்கு ஹார்ட் டிஸ்கில் படம் வரும், குறித்த நேரத்துக்கு மட்டும் திறக்கிற டிஜிட்டல் சாவியோடு. படம் எடுத்தவரிடம் முறையாக அனுமதி வாங்கியிருப்பார்கள். மக்கள் சினிமா என்று சொல்லிவிட்டுத் திருட்டுப் பிரதி போடுவது எனக்கு ஒப்பவில்லை.

கெடிலக்கரையான்:
அனுமதி கேட்டு வாங்கலாமே தம்பி. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்பட இயக்கத்து நண்பர்களும் ஊர் ஊராகப் படம் போட்டு, ஜனங்களிடமே காசு திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். கோரக்பூரில் 2006இலிருந்து ஸ்பான்சரே இல்லாமல் விழா நடத்திக் காட்டினார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' தேசிய விருது வாங்கியது. நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

முதுநகர்க்காரி:
இரண்டு பேரும் டிசம்பரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். டிசம்பரில் இங்கே மழையும் காற்றும்; கட்டிய திரை பாயாட்டம் உப்பிப் பறக்கும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். படம் போடுவதென்றால் அப்போது போடுங்கள்.

அப்புறம் சப்டைட்டில். உங்கள் உலகப் படத்துக்கு அடியில் ஓடுவது இங்கிலீஷ். எங்கள் தெருவில் ஒரு முறை வெளிநாட்டுப் படம் போட்டபோது, காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்து, வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதிப் படத்தில் முன்வரிசைக் கிழவி, "அவன் சொல்றது இருக்கட்டும், அந்தப் பொண்ணு ஏன் பேசாம நிக்குது, அதைச் சொல்லு" என்றார். வசனமே இல்லாத காட்சி அது. அவள் முழித்தாள், தெருவே சேர்ந்து ஆளுக்கொரு காரணம் சொன்னது. எந்த விழா அரங்கில் அது நடக்கும்? நடுவில் வாயைத் திறந்தால் 'உஷ்' என்பார்கள்.

புதுவைக்காரன்:
அந்த அமைதியும் தேவைதானே அக்கா? மெதுவாக நகர்கிற படத்தை அலைச்சத்தத்தில் போட்டால் அதை எடுத்தவர் உழைப்பெல்லாம் வீண். ஒலிக்காகவே மாதக்கணக்கில் வேலை செய்கிறார்கள்.

முதுநகர்க்காரி:
அதை மறுக்கவில்லை. ஆனால் கெடிலக்கரையாரே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எந்தப் படம் என்பதை யார் முடிவு செய்வார்கள்? எங்கள் பையன்கள் ரஜினி படம் கேட்பார்கள். நீங்கள் 'இதுதான் நல்ல சினிமா' என்று பட்டியலோடு வருவீர்கள். அப்படியானால் அதுவும் விழாதான், நாற்காலிக்குப் பதில் மணல்.

கெடிலக்கரையான்:
எல்லாவற்றையும் அவர்கள் கையில் விட்டால் டிவியில் வருகிற படத்தைத்தான் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

முதுநகர்க்காரி:
அதையும் போடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒரு முறை தெரு சொல்லும் படம், அடுத்த முறை நீங்கள் சொல்வது. விளக்கவுரை கிடையாது. பெண்கள் வர வேண்டுமென்றால் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். சம்மதமா?

கெடிலக்கரையான்:
இரண்டரை மணி நேரப் படத்தை எப்படி முடிப்பது?

புதுவைக்காரன்:
விளக்கவுரையை நீங்கள் விட்டுவிட்டாலே பாதி நேரம் மிச்சம் அண்ணே. புரொஜெக்டரை வாங்கிக்கொள்ளுங்கள், நான் என் காசில் டிசம்பருக்குப் போய்க்கொள்கிறேன். இயக்குநர்கள் யாராவது வந்தால் மின்னஞ்சல் முகவரி வாங்கி வருகிறேன். அனுமதி கேட்டு எழுதுவது உங்கள் பொறுப்பு. அது வராமல் திரை கட்டினால் முதல் ஆளாக வந்து சண்டை போடுவேன்.