லேபில் நாங்களே தயாரித்த டாக்: தண்ணீர் கண்ட்ரோலிலும் 16எஸ் பேண்ட் வருகிறது

மதுரைக்காரி:
வணக்கம். பிஎச்டி இரண்டாம் வருடம். மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியாக்களை, எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் ஜீனை வைத்து அடையாளம் காண்கிறேன். பிசிஆரில் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் டாக் பாலிமரேஸ் என்சைமை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சீனியர் ஒருவர் விட்டுப்போன பிளாஸ்மிடை (டாக் ஜீன் உள்ள டிஎன்ஏ வளையம்) பிஎல்21 ஈ.கோலையில் ஏற்றி, அந்த ஜீனை இயக்கிவிடும் ஐபிடிஜி கொடுத்து, லேபிலேயே தயாரித்தோம். செல்லை உடைத்து 75 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி நேரம் வைத்தோம். சுழற்றி, மேலே நின்ற தெளிவை 50 சதவீதக் கிளிசராலில் சேர்த்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். ஜெல்லில் 94 கிலோடால்டனில் தடிமனான பேண்ட். பிசிஆரும் நன்றாக வருகிறது.

ஆனால் டெம்ப்ளேட் (பிரதியெடுக்க வேண்டிய டிஎன்ஏ) போடாத தண்ணீர்க் குழாயிலும் 1500 பேஸ் அளவில் அதே பேண்ட்! பிரைமர் (பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) 27எஃப், 1492ஆர், 35 சைக்கிள். தண்ணீரை மூன்று முறை மாற்றினேன், புது பிரைமர் கரைத்தேன், பிப்பெட்டைக் கழற்றித் துடைத்தேன். கைடு என் கைச் சுத்தத்தைத்தான் குறை சொல்கிறார். அடுத்த மாதம் ரிவ்யூ. யாராவது வழி சொல்லுங்கள்.

பூஞ்சை_பிரியன்:
பூஞ்சைக்கான ஐடிஎஸ் பிரைமரைப் போட்டுப் பாருங்கள். அதில் தண்ணீர் சுத்தமாக வந்தால் உங்கள் மேல் தப்பில்லை, என்சைம்தான் காரணம்.

கோவை_அக்கா:
தம்பி, அந்தச் சோதனை போதாது. மேசையில் மண் பாக்டீரியாவின் டிஎன்ஏ சிந்தியிருந்தாலும் ஐடிஎஸ் சுத்தமாகத்தான் வரும்.

தங்கச்சி, நானும் மூன்று மாதம் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தவள். அந்த நாட்களில் இரண்டு மாதிரிகளை ஈ.கோலை என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

75 டிகிரியில் ஈ.கோலையின் புரதங்கள் பால் திரிவதுபோல் திரிந்து அடியில் போய்விடும். டாக் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவின் என்சைம், அதனால் தாங்கி நிற்கும். ஆனால் டிஎன்ஏ அந்தச் சூட்டில் திரியாது. நீங்கள் எடுத்து வைத்த தெளிவில் டாக்குடன் ஈ.கோலையின் குரோமோசோம் துண்டுகளும் மிதக்கின்றன. ஒரு ஈ.கோலை ஜீனோமில் 16எஸ் ஜீன் ஏழு இடங்களில் இருக்கிறது. உங்கள் பிரைமரோ எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவானது. என்சைம் சேர்க்கும்போதே டெம்ப்ளேட்டையும் சேர்த்துவிடுகிறீர்கள்.

உறுதி செய்ய இரண்டு வேலை. என்சைம் அளவைப் பாதி, கால் என்று குறைத்துத் தண்ணீர் மட்டும் ஓட்டுங்கள். பேண்டும் கூடவே மங்குகிறதா பாருங்கள். அந்தப் பேண்டை வெட்டி சீக்வென்ஸுக்கு அனுப்புங்கள். ஈ.கோலை என்று வந்தால் கைடிடம் காட்டலாம்.

சரிசெய்யும் வழி: அடுத்த முறை சூடாக்குவதற்கு *முன்பே* டிஎன்ஏவை வெட்டும் என்சைமான டிஎன்ஏஸ் 1 போட்டு 37 டிகிரியில் அரை மணி வையுங்கள். அப்புறம் 75 டிகிரி. டிஎன்ஏஸ் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும், தனியாக நீக்க வேண்டியதில்லை. அதற்கு மேலும் சுத்தம் வேண்டுமென்றால் 0.5 மோலார் உப்பில் பாலிஎத்திலீன்இமைன் சேருங்கள். அந்த உப்பில் டிஎன்ஏ படிந்துவிடும், டாக் மேலே நிற்கும். உப்பு குறைந்தால் டாக்கும் சேர்ந்து படிந்துவிடும், அதில் கவனம். மிச்ச இமைன் பிசிஆரைத் தடுக்கும் என்பதால், டாக்கை அமோனியம் சல்ஃபேட்டில் படியவைத்து, கரைத்து, டயாலிசிஸ் செய்யுங்கள்.

மதுரைக்காரி:
நன்றி அக்கா. என்சைமைப் பாதியாக்கினேன், பேண்ட் மங்கியது. காலாக்கியதும் கண்ணுக்கே தெரியவில்லை. பேண்டை சீக்வென்ஸுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: எங்கள் லைசிஸ் பஃபரில் 1 மில்லிமோலார் ஈடிடிஏ இருக்கிறது. டிஎன்ஏஸ் வேலை செய்யுமா?

கோவை_அக்கா:
நல்ல வேளை கேட்டீர்கள். டிஎன்ஏஸுக்கு மெக்னீசியமும் கால்சியமும் வேண்டும், ஈடிடிஏ இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈடிடிஏ இல்லாத பஃபரில் உடையுங்கள், 2.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடும் 0.5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் சேருங்கள். ஈடிடிஏவைக் கடைசியில் சேமிப்பு பஃபரில் போட்டுக்கொள்ளலாம்.

பழைய பாட்சைக் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான காலனியிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் டெம்ப்ளேட் ஏராளம்; என்சைமைக் காலாக்கி, 25 சைக்கிளில் நிறுத்தினால் தண்ணீர்க் குழாய் வெறுமையாக இருக்கும், மாதிரி நன்றாக வரும். நேரடியாக மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏவுக்கு மட்டும் அதைத் தொடவே வேண்டாம். இதுவரை ஈ.கோலை என்று வந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா?

மதுரைக்காரி:
நான்கு இருக்கிறது அக்கா. நான்கையும் ரிவ்யூ ஸ்லைடிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கத்து லேபில் கடனாக வாங்கிய டாக்கில் நாளை திரும்ப ஓட்டுகிறேன். புது கல்ச்சர் இன்று இரவு ஷேக்கரில் ஏறுகிறது.