ஒரே சேர்மத்துக்கு இரண்டு வேக மாறிலிகள் கிடைப்பது ஏன்?

டர்பன் மாணவி:
வணக்கம். மெரிபேங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வளர்ந்தவள் நான். காற்றில் கலக்கும் ஹைட்ரோகார்பன் எவ்வளவு நேரத்தில் அழிகிறது என்ற கேள்வியையே முதுகலை ஆய்வாக எடுத்திருக்கிறேன். மெட்டா-சைலீன் என்ற ஹைட்ரோகார்பன், ஹைட்ராக்சில் தனி உறுப்புடன் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் OH துகளுடன்) வினைபுரியும் வேகத்தை ஒப்பீட்டு முறையில் அளக்கிறேன். டெஃப்லான் பையில் தூய காற்று, மெட்டா-சைலீன், வேகம் தெரிந்த வேறொரு சேர்மம், ஒளியில் சிதைந்து ஹைட்ராக்சில் உண்டாக வழிசெய்யும் மெத்தில் நைட்ரைட் ஆகியவற்றை நிரப்பிப் புற ஊதா விளக்கொளியில் வைத்து, இரண்டும் குறைவதை கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறவியல் கருவியில் பார்க்கிறேன். வினையின் விரைவைக் காட்டும் எண்ணான வேக மாறிலி, சைக்ளோஹெக்சேனுடன் ஒப்பிட்டால் 2.3 × 10⁻¹¹ (கன செ.மீ./மூலக்கூறு/நொடி) வருகிறது, நூல்களில் உள்ளதும் ஏறத்தாழ அதுவே. புரொப்பீனுடன் ஒப்பிட்டால் 1.9 × 10⁻¹¹ தான். மூன்று முறை செய்தும் மாறவில்லை. தவறு எங்கே?

பிரிட்டோரியா ஆய்வாளர்:
அம்மா, இரண்டு சேர்மங்களின் இயல் மடக்கைக் குறைவையும் ஒன்றுக்கு எதிராக ஒன்று வரைந்திருப்பீர்கள். புரொப்பீன் வரைபடத்தில் புள்ளிகள் கடைசி வரை நேர்கோட்டில் நிற்கின்றனவா, அல்லது பிற்பகுதியில் புரொப்பீன் அச்சின் பக்கம் சாய்கின்றனவா? இருட்டில் பையை வைத்து, சுவரில் ஒட்டி இழப்பு ஏற்படுகிறதா என்றும் பார்த்தீர்களா?

டர்பன் மாணவி:
இருட்டில் நான்கு மணி நேரம் வைத்தேன் ஐயா, இழப்பு இல்லை. நீங்கள் சொன்ன பிறகு பார்க்கையில், பதினைந்து நிமிடத்துக்குப் பின் புள்ளிகள் சாய்வது தெரிகிறது. நான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டிருந்தேன்.

பிரிட்டோரியா ஆய்வாளர்:
அப்படியானால் விடை அந்த வளைவிலேயே இருக்கிறது. ஒப்பீட்டு முறை முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: இரண்டு சேர்மங்களும் ஹைட்ராக்சிலால் மட்டுமே அழிய வேண்டும். மெத்தில் நைட்ரைட் சிதைவில் தோன்றும் நைட்ரிக் ஆக்சைடு தீர்ந்துபோகும்போது, நைட்ரஜன் டைஆக்சைடு ஒளியில் சிதைந்து உண்டாகும் ஓசோன் பையில் சேரத் தொடங்கும்; நைட்ரேட் தனி உறுப்பும் தலைகாட்டும். இரட்டைப் பிணைப்புள்ள புரொப்பீனை அவை இரண்டுமே தாக்கும். சைலீனையும் சைக்ளோஹெக்சேனையும் அநேகமாகத் தொடுவதில்லை. புரொப்பீன் கூடுதலாகக் குறைவதால், இரு மாறிலிகளின் விகிதத்தைத் தரும் கோட்டின் சாய்வு சிறுத்து, உங்கள் மாறிலியும் குறைந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். அது ஓசோனையும் நைட்ரேட்டையும் உடனுக்குடன் விழுங்கிவிடும்.

ரீயூனியன் வாசகர்:
ஒப்பீடே வேண்டாத முறையும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடை 248 நானோமீட்டர் லேசர் துடிப்பால் உடைத்து, உண்டான ஹைட்ராக்சிலை 282 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தி, 308 நானோமீட்டர் அருகே அது உமிழும் ஒளியைக் கொண்டு அதன் தேய்வைத் தொடரலாம். ஹைட்ரோகார்பன் மிகுதியாக இருப்பதால் தேய்வு முதல் வகை வினைபோல், அதாவது ஹைட்ராக்சிலின் அளவை மட்டும் பொறுத்ததாக அமையும். ஆனால் அங்கே மாசுதான் பெரிய பகை. ஈத்தேனின் மாறிலி ஏறத்தாழ 2.4 × 10⁻¹³. புரொப்பீனுடையது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். ஈத்தேனில் 1 விழுக்காடு புரொப்பீன் கலந்திருந்தாலே அளவீடு இரட்டிப்பாகிவிடும். உங்கள் நிறவியல் கருவியோ ஒவ்வொரு சேர்மத்தையும் பிரித்தே காட்டுகிறது. ஆகவே உங்கள் முறையை எளியது என்று குறைத்து எண்ணாதீர்கள்.

டர்பன் மாணவி:
இருவருக்கும் நன்றி. நைட்ரிக் ஆக்சைடு சேர்த்து மறுபடி செய்தேன். புள்ளிகள் கடைசி வரை ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோட்டில் நின்றன, 2.3 × 10⁻¹¹ கிடைத்தது. ஒரு கன சென்டிமீட்டரில் 20 லட்சம் ஹைட்ராக்சில் இருக்கும் பகல் வேளை என்று வைத்துக் கணக்கிட்டால் மெட்டா-சைலீனின் ஆயுள் ஏறத்தாழ 6 மணி நேரம். பழைய எண்ணை நம்பியிருந்தால் 7 மணிக்கும் மேல் என்று எழுதியிருப்பேன்.