வாடகை வீட்டுல இருந்துகிட்டு கார்பனைக் குறைக்க முடியுமா?

மடிப்பாக்கம் அம்மா:
பொண்ணு ஏழாவது படிக்கிறா, நம்ம வீடு எவ்வளவு கார்பன் விடுதுன்னு கணக்கு எடுத்துட்டு வான்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, அன்னைலேர்ந்து நான் எந்த சுவிட்சைத் தொட்டாலும் முறைக்கிறா. நாங்க நாலு பேர். ரெண்டு மாசத்துக்கு 640 யூனிட், ஒரு ஏசி, நாலு ஃபேன். சோலார்னு பேச்செடுத்தா ஹவுஸ் ஓனர் மொட்டை மாடி சாவியே தரமாட்டேங்கறார். துணிப்பை, ஸ்டீல் பாட்டில் எல்லாம் ஏற்கனவே இருக்கு. உருப்படியா எதுல கை வைக்கிறது?

கரண்ட் கணேசன்:
துணிப்பை இருக்கட்டும், உங்க கார்பன் ஈபி மீட்டர்லதான் ஓடிட்டிருக்கு. நம்ம நாட்டு கரண்ட்ல முக்காவாசி நிலக்கரி, யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்போ உங்க 640 யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 450 கிலோ. முதல்ல ஃபேனை மாத்துங்க. பழசு 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன்னு கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது வருது, அது 30 வாட்தான். நாலும் தினம் 15 மணி நேரம் ஓடுச்சுன்னா ரெண்டு மாசத்துல 160 யூனிட் மிச்சம், 500க்குக் கீழ வந்துட்டா கட்டண ஸ்லாபும் மாறிடும். வீடு காலி பண்ணும்போது கழட்டிட்டுப் போயிடலாம். ஆனா பழைய ரெகுலேட்டரை எடுத்துட்டு நேரா கனெக்‌ஷன் குடுக்கச் சொல்லுங்க, எங்க வீட்டுல எலக்ட்ரீஷியன் அதை அப்படியே விட்டுட்டுப் போக ராத்திரி பூரா வண்டு மாதிரி முனகல், யாரும் தூங்கல.

சுபா:
ஏசியை 20ல வச்சுட்டு போர்வை போத்திக்கிற கூட்டமா நீங்களும்? 26ல வச்சு ஃபேனை மெதுவா ஓட விடுங்க. ஒரு டிகிரி ஏத்தினா 6 சதவீதம் கரண்ட் மிச்சம்ங்கறது மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ கணக்கு. கேஸும் இருக்குல்ல, 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு தீர்ந்தா 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நான் துவரம்பருப்பை அரைமணி ஊற வச்சுதான் குக்கர்ல போடுவேன், அஞ்சு விசில் மூணாச்சு.

மண்புழு:
காய்கறித் தோலை யாருமே சொல்லலையே. பெருங்குடி குப்பைமேடு 2022 ஏப்ரல்ல பத்தி எரிஞ்சப்ப உங்க பக்கம் புகை வந்திருக்குமே. ஈரக்குப்பை காத்துப் படாம புதைஞ்சா மீத்தேன் வரும், அது கார்பன் டை ஆக்சைடை விட பல மடங்கு மோசம். பால்கனியில ஓட்டை போட்ட பழைய பக்கெட் ஒண்ணு, காய்ஞ்ச இலை ஒரு கை, தோல் ஒரு கை, வாரம் ரெண்டு தடவை கிளறி விடுங்க. நாத்தம் அடிச்சா ஈரம் அதிகம்னு அர்த்தம், இன்னும் கொஞ்சம் இலை போடுங்க.

மடிப்பாக்கம் அம்மா:
450 கிலோன்னதும் பொண்ணு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. இந்த மாசம் ரெண்டு ஃபேன், மீதி ரெண்டு போனஸ் வந்ததும். பக்கெட் அவ பொறுப்புன்னு சொல்லிட்டேன், இப்ப என்னை முறைக்கிறதில்ல, பக்கெட்டைத்தான்.