முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கலாமா? விமான நிலையச் சோதனை பற்றி ஒரு விவாதம்

உப்புவெளியான்:

போன மாதம் அம்மாவைத் தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடாவுக்கு அனுப்பினோம். 68 வயது, முதல் விமானப் பயணம். இடையில் விமானம் மாறுகிற ஓர் ஊரில் அம்மாவை மட்டும் வரிசையிலிருந்து கூட்டிப்போய் ஒன்றரை மணித்தியாலம் ஓர் அறையில் இருத்திவிட்டார்கள். ஸ்கேனர் சத்தம் போடவில்லை, பாஸ்போட்டில் பிழை இல்லை. தங்கச்சி பிறகு விசாரித்தபோது வந்த பதில், நடத்தை சந்தேகமாக இருந்ததாம். வியர்த்ததாம், கேள்வி கேட்டவரை நிமிர்ந்து பார்க்கவில்லையாம், கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தாராம்.

அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டில் வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றி, அதன் மேல் ஒரு பழைய துவாய். வாசம் வந்தால் பறித்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சூட்கேஸில் வைத்தால் உடைந்துவிடும் என்று கையிலேயே கொண்டுபோனார். வாசம் வருகிறதா என்றுதான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். அந்த அறையில் தண்ணீர் கேட்கக்கூடப் பயந்து இருந்தேன் என்று அழுதார்.

முகத்தையும் உடம்பையும் பார்த்துப் பயங்கரவாதியைக் கண்டுபிடிக்கலாம் என்பது உண்மையிலேயே நடக்கிற காரியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சுங்கம்:

தம்பி, அம்மாவுக்கு நடந்தது பிழை. ஒரு வயதானவரை மொழிபெயர்க்க ஆளில்லாமல் அவ்வளவு நேரம் வைத்திருக்கக் கூடாது. ஆனால் அதற்காக முறையே பொய் என்று சொல்லாதீர்கள். நான் 31 வருடம் சுங்கத்தில் இருந்தவன், திருகோணமலைத் துறைமுகத்திலும் இருந்தேன், விமான நிலையத்திலும் இருந்தேன். உடம்புக்குள் தங்கம் வைத்துக்கொண்டு வருகிறவன் நடக்கும் நடையே வேறு. கதிரையில் இருக்கமாட்டான், கியூ எவ்வளவு நீண்டாலும் நின்றுகொண்டே இருப்பான், சப்பாத்தைக் கழற்றக் குனியச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பான். அந்த ஒரு கணத்தில் நான் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். எந்த மெஷினும் அதைக் காட்டித்தரவில்லை.

பெரிய இடத்து உதாரணமும் இருக்கிறது. 1999 டிசம்பர் 14, கனடாவிலிருந்து படகில் அமெரிக்காவின் போர்ட் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு அஹ்மத் ரெஸ்ஸாம் என்பவன் காரோடு வந்து இறங்கினான். டயானா டீன் என்ற சுங்கப் பரிசோதகர் அவன் பதறுவதையும் வியர்ப்பதையும் பார்த்து நிறுத்தினார். கார் டிக்கியில் ஸ்பெயார் டயர் வைக்கிற குழிக்குள் வெடிமருந்து. லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் வெடிக்க வைக்கத்தான் கொண்டுபோனான். அந்த அம்மையாரின் கண் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

நிலாவெளி வாசுகி:

ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் பிடித்தவர்களை எண்ணலாம். உங்களைத் தாண்டிப் போனவர்களை எப்படி எண்ணுவீர்கள்? அமைதியாக நடந்து, கதிரையில் இருந்து, உங்களுக்குச் சிரித்துக் காட்டிவிட்டுப் போனவன் உங்கள் கணக்கிலேயே வரமாட்டான். அதனால் ஒவ்வொருவருக்கும் தன் கண் பிழைக்காது என்று தோன்றும். பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து பொண்ட், டெபாவ்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் எழுதினார்கள். சராசரியாக மனிதர்கள் 100க்கு 54 தடவைதான் சரியாகச் சொல்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வரும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்தே பார்த்துவிட்டார்கள். அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், டிஎஸ்ஏ, 2003இல் பொஸ்டனில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 2007இலிருந்து ஸ்பொட் என்ற திட்டமாக விரித்தது. 2013இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் கொடுத்த அறிக்கையில், ஏறத்தாழ 900 மில்லியன் டொலர் செலவாகியும் இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, மேற்கொண்டு கொடுக்கிற காசைக் குறையுங்கள் என்று எழுதினார்கள். 2017இல் திரும்பவும் பார்த்தார்கள். அப்போது பட்டியலில் இருந்த 36 அறிகுறிகளில் 28க்குச் செல்லுபடியாகும் ஆதாரம் ஒன்றுகூட இல்லை.

பட்டியலில் என்ன இருந்தது தெரியுமா? 2015இல் அது வெளியே கசிந்தது. கொட்டாவி, தொண்டையைச் செருமுவது, விசிலடிப்பது. அதிகாரியின் கண்ணைப் பார்க்காவிட்டால் சந்தேகம், உறுத்துப் பார்த்தாலும் சந்தேகம். அம்மா நிமிர்ந்து பார்த்திருந்தாலும் அந்த அறைக்குத்தான் போயிருப்பார்.

சீனக்குடா சிவம்:

நான் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் 9 வருடமாக ஸ்கேனர் வேலை செய்கிறேன், இப்போது லீவில் ஊரில் நிற்கிறேன். வாசுகி தங்கச்சி சொல்வது எல்லாம் தாளில் சரி. ஆனால் ஸ்கேனர் பொருளைத்தான் பார்க்கும், ஆளின் மனதைப் பார்க்காது. 2001 செப்டம்பர் 11இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்தில் செக்கின் கவுண்டரில் இருந்தவருக்கு இரண்டு சகோதரர்கள் மேல் சந்தேகம் வந்தது. ஒருவரிடம் படம் போட்ட அடையாள அட்டை இல்லை, ஆங்கிலமும் விளங்கவில்லை. அவர் குறித்தும் வைத்தார். ஆனால் அன்றைய விதிப்படி நடந்தது என்னவென்றால், அவர்கள் ஏறினார்கள் என்று உறுதியாகும் வரை அவர்களுடைய பெட்டிகளை விமானத்தில் ஏற்றாமல் வைத்திருந்தது மட்டும்தான். அந்த இருவரும் விமானத்தைக் கடத்தியவர்கள். மனிதக் கண் கண்டுபிடித்தது, அதற்குப் பிறகு செய்யவேண்டியதைச் செய்யத்தான் ஒருவரும் இல்லை.

சப்பாத்துக்குள் குண்டு வைத்திருந்த ரிச்சர்ட் ரீடையும் அப்படித்தான். 2001 டிசம்பர் 21 பாரிஸில் சந்தேகப்பட்டு நிறுத்திக் கேள்வி கேட்டார்கள், அன்றைய விமானத்தை அவன் தவறவிட்டான். அடுத்த நாள் ஏற விட்டுவிட்டார்கள்.

நிலாவெளி வாசுகி:

சிவம் அண்ணை, ஆங்கிலம் விளங்காததை ஒரு அறிகுறியாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் பயப்படுகிறேன். உப்புவெளியானின் அம்மாவுக்கும் ஆங்கிலம் விளங்காது. அன்று டல்லஸில் அது சரியாக அமைந்தது, ஆனால் அதே காரணத்துக்காக உலகம் முழுக்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் மேல் அந்தக் கண் விழுகிறது?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் பயணிகளில் ஒருவன் கெட்டவன் என்று வையுங்கள். உங்கள் கண் 100க்கு 90 தடவை சரி என்றே வைத்துக்கொள்வோம், அப்படி ஒரு கண் எங்கும் இல்லை. அப்போதும் 10,000 அப்பாவிகளைத் தனியே எடுப்பீர்கள். அமெரிக்கக் கணக்கையும் பாருங்கள். பரீட்சார்த்த காலத்தையும் சேர்த்து, 2004இலிருந்து 2008 வரை ஸ்பொட் நடந்த விமான நிலையங்களில் சுமார் 200 கோடிப் பயணிகள் ஏறினார்கள். சுமார் 1,52,000 பேரைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள், கைதானவர்கள் சுமார் 1,100. அதிலும் பெரிய பங்கு விசா இல்லாமல் இருந்தவர்கள். பயங்கரவாதி ஒருவர்கூட இல்லை. பயங்கரவாதச் சதிகளோடு பின்னர் தொடர்புபடுத்தப்பட்ட 16 பேர் குறைந்தது 23 தடவை அதே விமான நிலையங்கள் வழியாகப் போய் வந்திருக்கிறார்கள்.

பழைய சுங்கம்:

அந்தக் கடைசிக் கணக்கு நியாயமில்லை, பிள்ளை. அந்த 16 பேரும் அந்தந்த நாளில் கையில் குண்டோடு போகவில்லை. சும்மா பயணம் போகிறவனுக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்? கடத்தல் பொருள் இல்லாத நாளில் கடத்தல்காரனும் சாதாரண மனிதன்தான். மற்றது, போதைப்பொருளும் திருட்டுக் கடவுச்சீட்டும் அகப்பட்டால் அது பயனில்லையா?

நிலாவெளி வாசுகி:

16 பேர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி ஐயா, அதை நான் அப்படி வைத்திருக்கக் கூடாது. அந்த அதிகாரிகள் அவர்களைப் பார்த்தார்களா என்பதற்கே பதிவு இல்லை.

கிண்ணியா ரீச்சர்:

நான் இதை வேறு இடத்திலிருந்து பார்க்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில மாதங்கள் நான் திருகோணமலை டவுனுக்கு பஸ்ஸில் வந்துபோன விதம் எனக்குத்தான் தெரியும். அபாயா போட்டிருந்தேன், மடியில் வினாத்தாள் கட்டு வைத்த பை. பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு இடத்துக்குப் போனார். எல்லோரும் பையைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு வியர்க்கத் தொடங்கியது, கைகள் தானாகவே பையை இறுக்கிப் பிடித்தன. அந்த நேரம் பயிற்சி எடுத்த ஒருவர் என்னைப் பார்த்திருந்தால் பட்டியலில் எத்தனை புள்ளி போட்டிருப்பார்? சந்தேகத்தோடு பார்க்கிற கண்தான் அந்த நடத்தையை உண்டாக்கியது. என்னிடம் அது முதலில் இருக்கவில்லை.

தமிழ் ஆட்களுக்கு இது நான் சொல்லியா தெரியவேண்டும்? சண்டைக் காலத்தில் செக் பொயின்டில் அடையாள அட்டையை நீட்டும்போது கை நடுங்காத பிள்ளை உங்கள் வீடுகளில் இருந்ததா? அம்மா 68 வயதுக்காரர் என்கிறீர்கள். அவருடைய பாதி வாழ்க்கை சீருடையைக் கண்டால் தலையைக் குனி என்று பழகிய வாழ்க்கை. அந்த ஊர் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்?

உப்புவெளியான்:

ரீச்சர், நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, '90இல் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மாதிரியே இருந்தது, அதுதான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை' என்றார்.

சீனக்குடா சிவம்:

ரீச்சர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உயிர்த்த ஞாயிறையே எடுப்போம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் என்ன நடந்தது? பெரிய பையோடு வந்தவனைப் பார்த்து அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் சந்தேகப்பட்டு, என்ன பை என்று கேட்டார். வீடியோ எடுக்க வந்தேன் என்றான் அவன். அப்படியானால் அனுமதி எடுத்து வா என்று உள்ளே விடாமல் வெளியே கொண்டுபோனார். குண்டு வெளியே வெடித்தது. அவர் செத்துப்போனார், பிள்ளைகளும் செத்தார்கள், ஆனால் நிறைந்திருந்த மண்டபத்துக்குள் அவன் போயிருந்தால் இன்னும் எத்தனை உயிர்? அவருக்கு ஸ்கேனர் இல்லை, பயிற்சி இல்லை. மனிதன் மனிதனைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். இது வேலை செய்யாது என்று என்னால் எழுத முடியாது.

நிலாவெளி வாசுகி:

அண்ணை, அந்த மனிதரை நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியதையே திரும்ப வாசியுங்கள். அவர் அவனுடைய இமை துடித்ததைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. கேட்டார். பதில் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. ஐயா சொன்ன டயானா டீனும் அதையேதான் செய்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். சியாட்டில் என்றான். வன்கூவர் பக்கத்திலிருந்து சியாட்டிலுக்கு நேராகத் தரை வழியே போகலாம், இவன் இரண்டு படகு ஏறிச் சுற்றி வந்திருக்கிறான். வியர்வையால் ஒரு கண் விழுந்திருக்கலாம், மாட்டியது பதிலில்தான்.

இஸ்ரேலியர்களைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதவில்லை, அதையும் நானே எழுதுகிறேன். 1986 ஏப்ரல் 17, லண்டன் ஹீத்ரோவில் ஆன் மரி மர்பி என்ற கர்ப்பிணிப் பெண் இஸ்ரேலிய நிறுவனமான எல் அல்லின் விமானத்தில் ஏற வந்தார். காதலன் கொடுத்த பைக்குள் குண்டு இருப்பது அவருக்கே தெரியாது. அதனால் பதற்றமும் இல்லை. முகத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுத்திருந்தால் 375 பேரோடு விமானம் மேலே போயிருக்கும். விமான நிலையத்தின் எக்ஸ்ரேயும் அந்தப் பையை விட்டுவிட்டது. எல் அல் ஆட்கள் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், பையை யார் தந்தது என்று கேட்டுக் கேட்டு, பிறகு பையை வெறுமையாக்கித் தூக்கிப் பார்த்தார்கள். வெறும் பை பாரமாக இருந்தது.

பிரிட்டனைச் சேர்ந்த ஓர்மரொட், டான்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே ஐரோப்பிய விமான நிலையங்களில் எட்டு மாதம் சோதித்துப் பார்த்தார்கள். பொய்க்கதையோடு அனுப்பிய ஆட்களில், அறிகுறி பார்க்கிற பழைய முறையில் 100க்கு 5 பேர்கூடப் பிடிபடவில்லை. சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்து, அவர்கள் சொன்னதிலிருந்தே எதிர்பாராத சிறு கேள்விகள் கேட்ட முறையில் 66 பேர் பிடிபட்டார்கள். உண்மை சொல்கிறவருக்கு அந்தக் கேள்வி சுமையே இல்லை.

பழைய சுங்கம்:

இரவு முழுக்க இதை யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் பிடித்த ஆட்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நடையைப் பார்த்து நிறுத்தியது உண்மை. ஆனால் நிறுத்தியபின் நான் எப்போதும் ஒன்று கேட்பேன், துபாயில் எந்த ஹோட்டல், சாப்பாடு எப்படி என்று. அங்கே வேலை செய்தவன் சாப்பாட்டைத் திட்டத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். கடத்தல்காரன் 'நல்லம்' என்று ஒரு சொல்லோடு முடித்துவிடுவான். அதில்தான் முடிவெடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் முதல் பார்வை வேண்டும், வாசுகி. ஆயிரம் பேரையும் இருத்திவைத்துக் கேள்வி கேட்க எந்த விமான நிலையத்திலும் ஆளில்லை. அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நிலாவெளி வாசுகி:

ஆள் போதாது என்பது உண்மையான சிக்கல்தான், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் முதல் பார்வையில் யார் மாட்டுகிறார்கள் என்பதை எழுதி வைக்கவேண்டும். எத்தனை பேரை நிறுத்தினீர்கள், எந்த மொழிக்காரர், என்ன கிடைத்தது என்று எழுதாவிட்டால் அந்தக் கண் சரியா பிழையா என்று அந்த அதிகாரிக்கே ஒருநாளும் தெரியவராது.

கிண்ணியா ரீச்சர்:

கேள்வி கேட்கிற முறை நல்லதுதான், ஆனால் எந்த மொழியில் கேட்பார்கள்? அம்மாவிடம் யாராவது தமிழில் 'மகளுக்கு எத்தனையாவது பிள்ளை' என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முழுக் குடும்பக் கதையும் வந்திருக்கும்.

உப்புவெளியான்:

வந்திருக்கும் ரீச்சர், மருமகனின் ஊர் வரைக்கும் சொல்லியிருப்பார். ஜூலையில் திரும்பி வருகிறார், அதே ஊரில்தான் விமானம் மாறவேண்டும். ஐயா, ஏதும் செய்யலாமா?

பழைய சுங்கம்:

டிக்கெட் எடுத்த இடத்திலேயே உதவியாளர் வேண்டும் என்று பதியச் சொல்லுங்கள் தம்பி, சக்கர நாற்காலி என்று போட்டால் ஒருவர் கூடவே வருவார். ஒரு தாளில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்: எனக்குத் தமிழ் மட்டும் தெரியும், மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன், இது மகளின் போன் நம்பர். கைப்பைக்குள் மருந்தும் சுவெட்டரும் மட்டும் இருக்கட்டும். தங்கச்சி ஏதாவது கட்டிக்கொடுத்தால் அது சூட்கேஸில் போகட்டும், உடைந்தால் உடையட்டும்.

உப்புவெளியான்:

சரி ஐயா. இன்றைக்கே தங்கச்சிக்கு அனுப்புகிறேன்.